இரண்டு கேம், இருபது நிமிஷம்

குணாளன் போட்ட கணக்கு இதுதான். ஒரு கேம் பத்து நிமிஷம், ஆக இரண்டு கேம் இருபது நிமிஷம். சப்பாத்து மாட்ட ஐந்து, கழற்ற ஐந்து. அரை மணி நேரத்தில் பௌலிங் முடிந்துவிடும். பிறகு தண்ணி, பலகாரம், படம். நான்கு மணிக்குக் கல்யாண வாக்கு. நாலரைக்குத்தான் ராகு காலம் ஆரம்பம்.

"கையில அரை மணி நேரம் மிச்சம் வருது பாருங்க, மிஸ்டர் கமலநாதன்," என்று சிகாமட்டிலிருந்து தொலைபேசியில் சொன்னார். அந்த அரை மணி நேரத்தைத் தன் சொந்தக் கையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல் இருந்தது குரல்.

மாசாய் வீட்டில், ஸ்பீக்கரில் போட்டிருந்த அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த பிரவீனாவுக்குக் கணக்கு எங்கே தப்பு என்று உடனே தெரிந்தது. அவள் சிங்கப்பூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அங்கே கம்பெனி பௌலிங் குழுவில் ஆடுகிறவளும்கூட. பத்து நிமிஷம் என்பது ஓர் ஆளுக்கு. ஒரே லேனில் ஆறு பேர் மாறி மாறிப் போட்டால் ஒரு கேமே ஒரு மணி நேரம் இழுக்கும். இரண்டு கேம் என்றால் ராகு காலம் வந்து கூடவே உட்கார்ந்து ஆடும்.

"அப்பா, அது ஒரு ஆளுக்குப்பா. ஆறு பேருக்கு ஒரு மணி நேரம்."

கமலநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தலைவரே, பொண்ணு என்ன சொல்லுதுன்னா, கொஞ்சம் கூட நேரம் புடிக்கும் போல..."

"பொண்ணைப் பயப்பட வேணாம்னு சொல்லுங்க. நான் பௌலிங் கவுண்டருக்கே போன் போட்டுக் கேட்டுட்டேன். ஒரு கேம் டென் மினிட்ஸ்னு அவனே சொல்றான். முப்பது வருஷமா நிகழ்ச்சி நடத்துறவன்லா நான்."

"அப்ப ஒரே ஒரு கேம் ஆடுனா போதாதா?" என்றார் கமலநாதன்.

"ஒண்ணுன்னா ஒத்தை. கல்யாணப் பேச்சுல ஒத்தை ஆகுமா?"

"தட்டு மட்டும் ஒத்தைப்படையில கொண்டாரச் சொன்னாரு," என்று பிரவீனாவின் அம்மா கஸ்தூரி அடுப்படியிலிருந்து முணுமுணுத்தாள். நல்லவேளை, ஸ்பீக்கருக்கு அது எட்டவில்லை.

குணாளன் மாப்பிள்ளையின் தாய்மாமன். மாப்பிள்ளை ரூபேந்திரனுக்கு அப்பா இல்லை. அந்த வீட்டு வாக்கு மாமாவின் வாயிலிருந்துதான் வர வேண்டும். மாமாவின் வாயோ நான்கு சங்கங்களுக்குத் தலைமை தாங்கும் வாய். போன வருஷம் ஒரு பௌலிங் போட்டியை முதல் பந்து உருட்டித் தொடக்கி வைத்தார். அந்த ஒரு பந்தோடு அவருக்கு அந்த விளையாட்டில் அனுபவம் முடிந்தது, அபிப்பிராயம் தொடங்கியது. பெண் காப்பித் தட்டோடு வந்து நிற்கிற பழைய வழக்கத்தை உடைத்தெறிய வேண்டும், இரண்டு குடும்பமும் சேர்ந்து விளையாட வேண்டும் என்று ஒரு தன்முனைப்பு முகாமில் கேட்டுவிட்டு வந்திருந்தார். காப்பித் தட்டு போனது. ராகு காலம் போகவில்லை. எந்த வழக்கத்தை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது என்பதும் அவருடைய இலாகா.

பிரவீனாவும் ரூபேந்திரனும் மூன்று வருஷமாகப் பழகுகிறார்கள். விடியற்காலையில் பாலம் தாண்டும் கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்த கதை. மே மாதம் ஒருமுறை பேச்சு நடந்தது. குணாளன் வாக்குச் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து மின்சாரம் போய்விட்டது. "சகுனம் சரியில்ல, தள்ளி வெச்சுக்குவோம்," என்றார். இப்போது இது ஆடிக்கு முந்திய கடைசி ஞாயிறு. ஆடி முடிவதற்குள் ரூபேந்திரன் கத்தாருக்குப் பறந்துவிடுவான், இரண்டு வருஷ ஒப்பந்தம். மெர்சிங்கில் ஓட்டல் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் பெண் இருப்பதாகக் குணாளன் இரண்டு முறை, சும்மா பேச்சோடு பேச்சாக, சொல்லியிருந்தார். இரண்டு வருஷத்தில் சும்மா பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று பிரவீனாவுக்குத் தெரியும்.

இத்தனை பழக்கத்துக்குப் பிறகும் குணாளன் அவள் அப்பாவை 'மிஸ்டர் கமலநாதன்' என்றுதான் கூப்பிட்டார். ஒருமுறை கமலநாதன் ஆசையில் வாய் தவறி 'சம்பந்தி' என்றுவிட்டார். "அந்த வார்த்தைக்கு ஒரு நேரம் இருக்கு," என்று சிரித்துக்கொண்டே திருத்தினார் குணாளன். கமலநாதன் அன்று இரவு சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டரைக்கு லேன் பதிவாகியிருந்தது. கூட்டமே இருக்காது என்பது குணாளனின் வாக்கு. ஜொகூரில் வெள்ளி விடுமுறையாகவும் ஞாயிறு வேலை நாளாகவும் இருந்த காலம் இந்த வருஷத்தோடு போனது. அரசாங்கம் மாற்றியதைக் குணாளன் இன்னும் அங்கீகரிக்கவில்லை. பேரங்காடியின் நான்காம் மாடிக்கு மின்தூக்கியில் ஏறவே இரண்டு முறை காத்திருக்க வேண்டியிருந்தது. பௌலிங் கூடத்தில் ஒரு பக்கம் பிறந்தநாள் கூட்டம், இன்னொரு பக்கம் சிங்கப்பூர்க் குடும்பங்கள். சத்தத்தில் காது அடைத்தது.

இரண்டரைக்குப் பெண் வீட்டார் மூவரும் ஐந்து தாம்பூலத் தட்டுகளை நைலான் பையில் ஒளித்துக்கொண்டு நின்றார்கள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் எழுதியிருந்தது. ரூபேந்திரனிடமிருந்து செய்தி வந்தது: 'வழியில ஆயர் ஈத்தாம்ல நிக்குறோம். மாமா ஜாடி வாங்குறாரு.'

"ஜாடியா?" என்றாள் கஸ்தூரி.

"பீங்கான் ஜாடிம்மா. நமக்குக் குடுக்கத்தான்."

"அலமாக்! நம்ம வீட்டுல பூ வைக்கிறதுக்கே இன்னும் வழியக் காணோம், ஜாடி எதுக்கு?"

மூன்று மணி தாண்டி வந்து சேர்ந்தார்கள். முன்னால் குணாளன், கோட்டுப் போட்டுக்கொண்டு. பின்னால் இடுப்புயர ஜாடியைக் குழந்தைபோல் அணைத்தபடி ரூபேந்திரன். அவனுக்குப் பின்னால் அவன் அம்மா அங்கம்மா, பட்டுப் புடவையில். அதற்குள் அவர்கள் லேனை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள்.

"நான் யாருன்னு தெரியுமா?" என்று கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பையனிடம் குணாளன் மலாயில் கேட்டார்.

பையன் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பி, "பெயர் என்ன, பாங்?" என்று விரலை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

லேன் கிடைத்தபோது மூன்றே கால் தாண்டிவிட்டது. திரையில் 'தலைவர் குணாளன்' என்று ஏற்றச் சொன்னார். அத்தனை எழுத்துக்கு இடமில்லை. வெறும் 'குணா' என்றுதான் விழுந்தது. தலைவர்தான் நிறைவு செய்ய வேண்டும் என்பதால் கடைசிப் பெயராக வைத்துக்கொண்டார்.

"மாமாவை ஜெயிச்சிராதடி," என்று கஸ்தூரி மகளின் காதில் சொன்னாள். "கையக் கால வெச்சுக்கிட்டு அடக்கமா போடு."

பிரவீனா அடக்கமாகப் போட்டாள். நூற்றெழுபது சாதாரணமாக எடுக்கிற கை, பந்தை லேன் ஓரத்துக் கால்வாயில், லொங்காங்கில், அழகாக இறக்கியது. ஆனால் அவள் கண் லேன் முனையில் நின்ற பத்துப் பின்களின் மேல் இல்லை, கவுண்டருக்கு மேலிருந்த கடிகாரத்தின் மேல் இருந்தது.

பந்தை விடுவது ஒரு வேலையே இல்லை. விடுவதற்கு முன்னால் நடப்பதுதான் நேரத்தைத் தின்றது. அங்கம்மா புடவையைச் செருகிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் பந்தைத் தள்ளிவிட்டாள். அது போய்ச் சேருவதற்குள் பக்கத்து லேனில் இரண்டு பேர் போட்டுவிட்டார்கள். ஒருமுறை நடுவழியில் நின்றேவிட்டது. ஆள் வந்து எடுக்க வேண்டியதாயிற்று. கஸ்தூரி ஒவ்வொரு முறையும், "நானா? இப்ப நானா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள். இவர்களையெல்லாம் சேர்த்தாலும் குணாளனுக்கு ஈடாகாது. அவர் ஆரஞ்சு நிறப் பந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது ராசியானது என்று அறிவித்திருந்தார். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குலதெய்வத்தை நினைத்து, கேமராவைப் பார்த்து, "எடுத்தியா?" என்று மருமகனைக் கேட்டு, பிறகுதான் உருட்டுவார். மூன்று பின் விழும். விழாத ஏழுக்கும் விளக்கம் சொல்லுவார்.

முதல் கேம் முடிந்தபோது நான்கேகால்.

"இப்பவே சொல்லிட்டு, அப்பறம் ரெண்டாவது ஆடலாமே தலைவரே?" என்றார் கமலநாதன். நெற்றியில் வேர்வை. குளிரூட்டி நேராக அவர் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, மிஸ்டர் கமலநாதன்? ரெண்டு முடியட்டும். ஒரு கேம் பத்து நிமிஷம்தானே." சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நடந்து முடிந்தது ஒரு மணி நேரம் என்று அது சொன்னதை ஏற்றுக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லை.

பிரவீனா ரூபேந்திரனைப் பார்த்தாள். அவன் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தாரில் எண்ணெய்க் குழாய்களைக் கட்டி மேய்க்கப் போகிறவன், மாமா முன்னால் சப்பாத்துக் கயிற்றைக்கூட அனுமதி கேட்டுக் கட்டுவான்போல் இருந்தது.

இரண்டாவது கேமில் மூன்று சுற்றுகூட முடியவில்லை. குணாளன் கையை உயர்த்தினார். கைக்கடிகாரம் நாலரை காட்டியது.

"ராகு காலம் வந்திருச்சு." குரலில் வருத்தம் இருந்தது, முகத்தில் இல்லை. "நம்ம கையில என்ன இருக்கு? இனி ஆடிக்கப்பறம் பாத்துக்குவோம். ஆட்டத்த மட்டும் முடிச்சிட்டுப் போலாம், காசு கட்டியாச்சு."

கஸ்தூரி நைலான் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிரவீனாவின் கையிலிருந்த பந்து திடீரென்று கனத்தது. பக்கத்து லேனில் பிறந்தநாள் பாட்டு ஆரம்பித்தது.

"அண்ணே," என்றாள் அங்கம்மா. அதுவரை அவள் பந்து கேட்க மட்டும்தான் வாய் திறந்திருந்தாள். "சங்க மண்டபத் தொறப்பு விழா அன்னிக்குச் சிறப்பு விருந்தாளி டத்தோ எத்தனை மணிக்கு வந்தாரு?"

"இப்ப எதுக்கு அது?"

"இல்ல, அன்னிக்கும் ஞாயித்துக்கிழமதான். அஞ்சு மணிக்குத்தான வந்தாரு? ராகு காலத்துல குத்துவெளக்கு ஏத்தலாமான்னு பூசாரி கேட்டப்ப நீதான மைக்கப் புடிச்ச? நாலரைங்கறது சூரியன் ஆறு மணிக்கு வர்ற ஊருக் கணக்கு, நம்ம ஊருல ஏழு மணிக்குத்தான் வருது, அதனால ராகு காலம் ஒரு மணி நேரம் தள்ளின்னு சொன்ன. வெஞ்ஞானம்னு வேற சொன்ன."

"அது... அது பொது நிகழ்ச்சி."

"பொது நிகழ்ச்சிக்கு ஒரு சூரியன், நம்ம வீட்டுக்கு ஒரு சூரியனாண்ணே?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் கெட்டுவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"வீடியோ கூட இருக்கு மாமா. சங்கத்து இணையப் பக்கத்துல," என்றான் ரூபேந்திரன். அன்று மத்தியானத்திலிருந்து அவன் பேசிய முதல் முழு வாக்கியம். "நானூறு பேரு லைக் போட்டிருக்காங்க."

அந்த நானூறு பேரையும் குணாளன் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். அவர்களைக் கைவிட மனம் வரவில்லை.

"அறிவியல் அறிவியல்தான்," என்றார். "சரி. அஞ்சரை. ஆனா கேமைப் பாதியில விட்டுட்டு வாக்குக் குடுக்க மாட்டேன். அரைகுறையா ஆரம்பிச்சா வாழ்க்கையும் அரைகுறையாப் போயிரும்."

எட்டுச் சுற்று, ஆறு பேர், ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பிரவீனா மனதுக்குள் கணக்குப் போட்டாள். இதே வேகத்தில் போனால் ஐந்தரைக்கு மேல் ஆகிவிடும். எங்கே பிடிப்பது? மற்றவர்களை அவள் ஓட வைக்க முடியாது. அவள் கையில் இருப்பது அவள் முறை மட்டும். ஒரே பந்தில் பத்தும் விழுந்தால் இரண்டாவது பந்து தேவையில்லை. ஒவ்வொரு ஸ்ட்ரைக்கும் ஒரு பந்து நேரத்தை மீட்டுத் தரும். ஆனால் அடித்தால் மாமா தோற்பார். தோற்ற மாமாவின் வாயிலிருந்து சம்பந்தி என்ற சொல் வருமா?

அம்மாவைப் பார்த்தாள். கஸ்தூரி கண்ணால் வேண்டாம் என்றாள்.

பிரவீனா நான்கு எட்டு வைத்து, முழங்காலை மடக்கி, விட்டாள். பந்து ஓரமாகப் போய்க் கடைசியில் உள்ளே திரும்பியது. பத்தும் ஒரே சத்தத்தில் விழுந்தன.

"அட!" என்றார் கமலநாதன், தன்னையறியாமல்.

அடுத்த சுற்றிலும் விழுந்தன. ரூபேந்திரன் குறிபார்க்கவே இல்லை. எழுந்தான், விட்டான், உட்கார்ந்தான். கமலநாதன் பந்து பின்னைத் தொடுமுன்பே திரும்பி நடந்து வந்தார். அங்கம்மா புடவையை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டு, "நகரு, நகரு," என்று பந்தைப் பார்த்துச் சொன்னாள். இரண்டு சுற்று நன்றாகவே ஓடியது. மூன்றாவது ஸ்ட்ரைக்கில் திரையில் பிரவீனாவின் எண், 'குணா'வைத் தாண்டியது.

குணாளன் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நல்லாத்தான் போடறீங்க. இத்தன நேரம் என்ன ஆச்சு?"

திடீரென்று வந்த அந்த மரியாதை 'றீங்க'வைக் கேட்டதும் கஸ்தூரி நைலான் பையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"கை இப்பதான் சூடாச்சு மாமா," என்றாள் பிரவீனா.

அவர் கோட்டைக் கழற்றினார். அதுதான் அவள் கணக்கில் வராத விஷயம். அவள் வேகமாகப் போட்டால் அவர் இன்னும் மெதுவாகப் போட்டார். தோற்கிற மனிதர் கவனமாகிறார். கைப்பேசியை எடுத்து, எப்படி நிற்க வேண்டும் என்று ஒரு காணொளியைத் தேடினார். விளம்பரம் முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார். எழுந்து, நின்று, சரியில்லை என்று திரும்பி வந்து, கையைத் துடைத்து, மறுபடியும் போய் நின்றார். மற்ற ஐந்து பேரும் ஓடி ஓடிச் சேர்த்த நேரத்தை அவர் ஒருவரே ஒரு முறையில் தின்று தீர்த்தார்.

பிரவீனா அடிப்பதை விடவில்லை. நிறுத்தினால் நேரமும் போகும், அவருக்குச் சந்தேகமும் வரும்.

கடைசிச் சுற்று வந்தபோது ஐந்தரைக்குச் சில நிமிஷங்களே இருந்தன. ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக முடித்தார்கள். குணாளன் ஆரஞ்சுப் பந்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு பந்து. அவ்வளவுதான். முடிந்தது என்று கமலநாதன் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

பந்து கோணலாகப் போனது. லொங்காங்கில் விழப்போன நேரத்தில் ஓரத்துப் பின்னைத் தட்டியது. அது சாய்ந்து அடுத்ததைத் தட்ட, அது உருண்டு மற்றதை இழுக்க, கடைசி ஒன்று யோசித்து யோசித்து விழுந்தது.

ஸ்ட்ரைக்.

கூடமே கைதட்டியது. பிறந்தநாள் கூட்டம்கூடத் திரும்பிப் பார்த்தது. குணாளன் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, லேன் லேனாகத் திரும்பி வணக்கம் சொன்னார்.

"கடைசிச் சுத்துல ஸ்ட்ரைக் விழுந்தா இன்னும் ரெண்டு பந்து உண்டு," என்று திரை சொல்வதைப் பிரவீனா வாய்விட்டுப் படித்தாள். அவள் குரல் அவளுக்கே அழுகைபோல் கேட்டது.

"ரெண்டும் போட்டுத்தான் நிறைவு," என்றார் குணாளன். குனிந்து பந்துக்குக் கை நீட்டினார்.

பந்து வரவில்லை.

"வேற பந்து எடுத்துப் போடுங்க தலைவரே!" என்றார் கமலநாதன்.

"இது ராசியான பந்துங்க. இதை வெச்சுத்தான் அடிச்சேன்." அவர் பந்து வரும் துவாரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "ரூபேன், கவுண்டர்ல போய்ச் சொல்லு. சிக்கிக்கிச்சு."

ரூபேந்திரன் எழுந்தான். கடிகாரத்தைப் பார்த்தான், பிரவீனாவைப் பார்த்தான், பிறகு தன் அம்மாவைப் பார்த்தான். கவுண்டருக்குப் போனான். அங்கே பலூன் கேட்டுப் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, மிக ஒழுக்கமாக வரிசையில் நின்றான். பையன் தலையை உயர்த்தி, "என்ன பாங்?" என்று கேட்டான். "பரவால்ல, அவங்கள முதல்ல பாருங்க," என்று ரூபேந்திரன் மலாயில் சொன்னான். இத்தனை நேரம் அவசரப்பட்டுக்கொண்டிருந்த ஒருவன், அந்த ஒரு நேரத்தில் மட்டும் அவசரப்படவில்லை.

அங்கம்மா கைப்பையைத் திறந்தாள். வாழையிலையில் பொதிந்த மல்லிகை. காலையில் சிகாமட்டில் வாங்கியது, கொஞ்சம் வாடியிருந்தது.

"திரும்பும்மா," என்றாள் பிரவீனாவிடம்.

பந்து போட வசதியாக உச்சியில் முடிந்திருந்த கொண்டையில் பூ நிற்கவில்லை. அங்கம்மா தன் தலையிலிருந்தே ஊசி ஒன்றை உருவிக் குத்தினாள். பிறகு பந்துகள் வரிசையாக இருந்த மேடையில் இரண்டு பந்துகளைத் தள்ளி இடம் பண்ணினாள். கஸ்தூரிக்கு ஒரு நொடிதான் புரியவில்லை. அடுத்த நொடி நைலான் பை திறந்தது. வெற்றிலை பாக்குத் தட்டு பந்துகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது.

"எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்கு," என்றாள் அங்கம்மா, அந்தத் தட்டை எடுத்து நீட்டியபடி. மெதுவாகத்தான் சொன்னாள். பின்கள் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. அவர்களுக்குக் கேட்டால் போதும். "வாங்கிக்குங்க சம்பந்தி."

கஸ்தூரி தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். கமலநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். பிரவீனா கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தரையைத் தொடவில்லை முள்.

"வருது, வருது!" என்று குணாளன் துவாரத்துக்குள் கத்தினார். ஆரஞ்சுப் பந்து தொப்பென்று வந்து விழுந்தது. அவர் அதை அணைத்தபடி எழுந்து திரும்பினார்.

தட்டைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். கவுண்டர் வரிசையிலிருந்து பக்குவமாக நடந்து வரும் மருமகனைப் பார்த்தார்.

"என்ன இது? வாக்கு நான்தான..."

"குடுத்தாச்சுண்ணே. ராகு காலம் வர்றதுக்கு முந்தியே." அங்கம்மா உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். "நீ சொன்ன சூரியக் கணக்குப்படிதான். இன்னும் ரெண்டு பந்து இருக்குல்ல? நீ போடு."

குணாளன் சுற்றிலும் பார்த்தார். பிறந்தநாள் கூட்டம் இன்னும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பந்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மெதுவாக நடந்துபோய், நின்று, உருட்டினார்.

அது நேராக லொங்காங்கில் இறங்கிப் போனது.

"பரவால்ல சம்பந்தி," என்று கமலநாதன் பின்னாலிருந்து உரக்கச் சொன்னார். "இன்னொண்ணு இருக்கு."